கடல் கடந்த கட்டை

'மும்தாஜ் மஹால்' ஆல்பத்தில் தாள வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. டிரம் இல்லை, தபலா இல்லை, மிருதங்கம் இல்லை. ஒரு குரல், ஒரு கிதார், ஒரு மோகன வீணை, ஒரு சித்ரவீணை. பாடுபவர் அமெரிக்காவின் ப்ளூஸ் கலைஞர் தாஜ் மஹால். 1942இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஹென்றி செயின்ட் கிளேர் ஃப்ரெடரிக்ஸாகப் பிறந்தவர். காந்தியும் இந்தியாவும் கனவில் வந்ததால் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதாகச் சொல்பவர். 1968இல் முதல் ஆல்பம் கொடுத்த அவருக்கு 1995இல் இது வெளிவந்தபோது வயது 53. மோகன வீணை வாசித்தவர் ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட். சித்ரவீணை வாசித்தவர் ரவிகிரண். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கோட்டுவாத்தியம் என்று சொல்லி வந்த வாத்தியம்தான் சித்ரவீணை.

மும்பையின் தேவ்நாரில் நான் குடியிருக்கும் தெருவில் இரவு வெகுநேரம் வரை லாரிகள் போகும். ஜன்னலைச் சாத்தினாலும் சாலை வீட்டுக்குள் வந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் பெரிய கோஷ்டி இசைதான் எடுபடும் என்று தோன்றலாம். எனக்கு எடுபடுவது இந்த ஆல்பம்தான். வாத்தியங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு ஒலியைச் சுற்றியும் இடம் இருக்கிறது. மீட்டும் விரல் தந்தியில் படுவது தெரிகிறது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது தெரிகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், தந்தியின் மேல் எதுவோ வழுக்கிக்கொண்டு போகும் மெல்லிய உரசல் தெரிகிறது. பட்டின் கையில் அது ஓர் எஃகுத் துண்டு. ரவிகிரணின் கையில் உருளை வடிவக் கட்டை. இந்த ஆல்பம் உருவாவதற்கு முன் அந்தக் கட்டை உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது. அதன் வரலாற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கட்டையின் வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். கிதாரின் கழுத்தில் உலோக மேடுகள் வரிசையாக இருக்கும். விரலால் தந்தியை அழுத்தினால் அது ஒரு மேட்டில் போய் அமரும். அந்த மேட்டுக்கு உரிய சுரம் மட்டுமே பேசும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடங்கள், அதற்குமேல் இல்லை. விரலுக்குப் பதிலாக வழுவழுப்பான கனமான பொருள் ஒன்றைத் தந்தியின் மேல் வைத்தால், மேடுகளுக்கு அதிகாரம் போய்விடும். பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே சுரம். அதை நகர்த்தினால் சுரமும் கூடவே நகரும். இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள நிலம் முழுவதும் திறந்துகொள்ளும்.

அந்த நிலம் நமக்குப் பழக்கமானது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை; அசைந்தால்தான் அது தோடி. ப்ளூஸிலும் உயிர் காந்தாரத்தில்தான் இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஓரிடத்தில் பாடகர் குரலை நிறுத்துவார், அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுப்பார். பியானோவில் அந்த இடத்துக்கு விசை கிடையாது. தந்தியில் வழுக்கும் பொருளுக்கு அது கைக்கெட்டும் தூரம்.

இந்தியாவில் இந்த முறை பழையது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகர'த்தில் ஏகதந்திரி வீணை வருகிறது. பெயருக்கேற்ப ஒரே தந்தி. அதன்மேல் மூங்கில் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். வடக்கில் விசித்திர வீணைக்கு முட்டை வடிவக் கண்ணாடிக் குண்டு. தெற்கில் கோட்டுவாத்தியத்துக்குக் கருங்காலி போன்ற கடினமான மரத்தில் கடைந்த கட்டை. பார்வைக்கு வீணைபோல இருந்தாலும் இதில் மேளக்கட்டு, அதாவது உலோக மேடுகள், கிடையாது. தரையில் கிடத்தி, வலக்கையால் மீட்டி, இடக்கையில் கட்டையைப் பிடித்து நகர்த்த வேண்டும். சுரம் எங்கே என்பதற்குக் காதைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை.

இதைக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் இளம் வயதில் அவரிடம் பாட்டுக் கற்றார். ஒரு குரல் கலைஞர் கட்டை பிடித்து வாசித்தவரிடம் போய்ப் பாடக் கற்றார் என்பது எனக்கு முக்கியமான செய்தி. செம்மங்குடியின் கமகங்களைக் கேட்கும்போதெல்லாம், குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் தரையோடு தரையாக நகர்ந்து போவதில் திருவிடைமருதூர் வீட்டுக் கட்டையின் பங்கும் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்கிறேன். கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார், அவர் மகன் நரசிம்மன், பேரன் ரவிகிரண் என்று வாத்தியம் ஒரு குடும்பத்தில் தங்கியது. 1969இல் சென்னை மியூசிக் அகாடமியில் ராகங்களை அடையாளம் சொல்லி எல்லோரையும் வியக்கவைத்த இரண்டு வயதுக் குழந்தைதான் ரவிகிரண். பின்னாளில் அவர் மரக்கட்டைக்குப் பதிலாக டெஃப்ளான் உருளையை எடுத்துக்கொண்டார்.

கட்டையின் இன்னொரு பிறப்பு பசிபிக் கடலின் நடுவில் நடந்தது. 1830களில் ஹவாய் அரசர் மூன்றாம் கமேஹமேஹா, பெருகிவிட்ட மாட்டு மந்தைகளை அடக்க மெக்ஸிகோவிலிருந்து மாடு மேய்ப்பவர்களை வரவழைத்தார். அவர்களோடு கிதாரும் தீவில் இறங்கியது. 1889இல் லாயே என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற சிறுவன் ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து போகையில் கீழே கிடந்த போல்ட் ஒன்றை எடுத்தான். அதைத் தந்தியின் மேல் வைத்துப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடப் பட்டறையில் தனக்கென்று ஓர் எஃகுத் துண்டைச் செய்துகொண்டான் என்று சொல்வார்கள். கெகுகுவுக்கு முன்பே தீவில் இதைச் செய்தவராக இன்னொரு பெயரும் அடிபடுகிறது: கேப்ரியல் டேவியன். இந்தியாவில் பிறந்தவர். சிறுவனாக இருக்கையில் ஒரு கப்பல் தலைவர் அவரைக் கடத்திக்கொண்டு போய் ஹொனலுலுவில் சேர்த்ததாகப் பழைய நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. போல்ட்டோ, கடத்தப்பட்ட சிறுவனின் கைப்பழக்கமோ, எது முதல் என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டு கதைகளிலும் வாத்தியக் கடை இல்லை, காசு இல்லை, ஆசிரியர் இல்லை. கையில் அகப்பட்ட பொருளும் தந்தியும் மட்டுமே இருக்கின்றன.

1904இல் கெகுகு அமெரிக்காவுக்குப் போனார். 1915இல் சான்பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியின் ஹவாய் மண்டபத்தில் கேட்ட இசைக்கு நாடே மயங்கியது. அடுத்த சில ஆண்டுகள் ஹவாய் இசைத்தட்டுகள் அமோகமாக விற்றன. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'வாணலி' என்ற செல்லப்பெயர் கொண்ட மின்கிதார், மடியில் கிடத்திக் கட்டையால் வாசிக்கும் ஹவாய் வகைதான். சந்தையில் வெற்றி பெற்ற முதல் மின்கிதார் அதுவே. பிற்காலத்து ராக் இசை முழுவதும் எழுந்து நிற்கும் மின்கிதார் இந்தக் கட்டைக்காகப் பிறந்த கருவியின் வாரிசு.

மிசிசிப்பியில் கதை வேறு. பருத்திக் காட்டுக் கூலிகளின் பிள்ளைகள், துடைப்பம் கட்டும் கம்பியைப் பிரித்து வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டுவார்கள். அடியில் ஒரு பாட்டிலை முட்டுக்கொடுத்துக் கம்பியை விறைப்பாக்கி, இன்னொரு பாட்டிலால் தேய்த்து வாசிப்பார்கள். ஆப்பிரிக்காவின் ஒற்றைத் தந்திக் கருவிகளின் நினைவு அதில் இருக்கிறது. ஹவாய்க் குழுக்கள் ஊர் ஊராகப் போனதால் அவர்களின் பாணியும் அங்கே கலந்தது என்று ஜான் டிரவுட்மன் 2016இல் எழுதிய 'கிகா கிலா' நூலில் வாதிடுகிறார். இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி 1903இல் டட்வைலர் ரயில் நிலையத்தில் தாமதமான ரயிலுக்குக் காத்திருந்தபோது, கந்தல் உடுத்திய கறுப்பர் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வாசித்துப் பாடியதைக் கேட்டார். அதைப்போல விசித்திரமான இசையை அதுவரை கேட்டதில்லை என்ற பொருளில் 1941இல் தன் வரலாற்றில் எழுதினார். ப்ளூஸின் வரலாற்றைச் சொல்கிற எவரும் அந்த நிலையத்தில் ஒருமுறை இறங்கித்தான் போவார்கள்.

பிறகு பாட்டில் கழுத்து வந்தது. பாட்டிலின் கழுத்தை உடைத்து, கூர்முனையை மழுக்கி, சுண்டுவிரலிலோ மோதிர விரலிலோ மாட்டிக்கொண்டால் மற்ற விரல்கள் சும்மா இருக்கும். அவற்றால் வழக்கம்போல் வாசித்துக்கொள்ளலாம். டெக்ஸாஸின் கண்பார்வையற்ற பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டாலஸ் நகரில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். இருண்ட இரவையும் குளிர்ந்த தரையையும் தலைப்பில் கொண்ட பாட்டு. அதில் வார்த்தை கிடையாது. குரல் முனகுகிறது, தந்தி அந்த முனகலைத் தொட்டுத் தொட்டு நகர்கிறது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் நாசா அனுப்பிய தங்கத் தட்டில் அந்தப் பதிவு இடம்பெற்றது. அதே தட்டில் பம்பாயில் வாழ்ந்த கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. சுரங்களுக்கு நடுவில் உள்ள நிலத்தை ஆண்ட இரண்டு கலைஞர்கள் இன்று சூரியக் காற்று எட்டும் எல்லைக்கு அப்பால் அக்கம்பக்கமாகப் பயணம் செய்கிறார்கள்.

1927ஆம் ஆண்டு தேவ்நார்க்காரர்களுக்கு வேறு காரணத்தால் தெரிந்த ஆண்டு. இங்கே குப்பை கொட்டத் தொடங்கியது அப்போதுதான். பம்பாய் உண்டு, உடுத்திக் கழித்ததெல்லாம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இங்கே வந்து மலையாகிவிட்டது. 2016 ஜனவரியில் அந்த மலை பற்றி எரிந்தபோது புகை செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. மலையின் விளிம்பில் கோவண்டிப் பக்கம் வரிசையாக பங்கார் கடைகள், அதாவது பழைய சாமான் கடைகள். பாட்டில் தனி, பிளாஸ்டிக் தனி, இரும்பு தனி, தாமிரக் கம்பி தனி. அங்கே ஒரு கடைக்காரர் தமிழர். கழுத்து நீண்ட ஒயின் பாட்டில் வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்டேன்.

"கழுத்த மட்டும் வெச்சு என்னண்ணே பண்ணுவீங்க?"

சொன்னேன். போனில் ஒரு பாட்டைப் போட்டும் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, நான் எடுத்து வைத்திருந்த பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தார். குவியலில் கைவிட்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "அதுல மடிப்பு இருக்குண்ணே, கம்பில தட்டும். இத எடுங்க, கண்ணாடி தடிமன், நேரா இருக்கு, விரலுக்கும் அடக்கம்." அவர் கிதாரைத் தொட்டவர் இல்லை. ஆனால் கழுத்தில் மடிப்பு இருந்தால் தந்தியில் தட்டும், கண்ணாடி கனமாக இருந்தால்தான் ஒலி நீடிக்கும் என்ற இரண்டு உண்மைகளையும் விரல்நுனியிலேயே கண்டுபிடித்துவிட்டார். மிசிசிப்பியில் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தவர்களின் கண்ணும் விரலும் இப்படித்தான் வேலை செய்திருக்க வேண்டும்.

வீட்டில் கண்ணாடி வெட்டும் கட்டரால் கழுத்தைச் சுற்றி ஒரே கோடாகக் கீறினேன். கோட்டின் மேல் கொதிக்கும் நீர், உடனே குளிர்ந்த நீர். 'டிக்' என்று விட்டுக்கொடுத்தது. விளிம்பை உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் கண்ணாடித்தூள் மூச்சில் போகும். வாசிக்கும்போது அழுத்தக் கூடாது. அழுத்தினால் தந்தி மேட்டில் இடித்துக் கடகடக்கும். மேட்டுக்கு நேர் மேலே, தந்தியின் மீது பாரம் மட்டும் இறங்கும்படி வைக்க வேண்டும். பின்னால் இருக்கும் விரல்கள் தந்தியை லேசாகத் தொட்டு வீண் அதிர்வை அடக்க வேண்டும். இப்படிச் செய்த பிறகு ஒலி எழுந்தபோது, ஆல்பத்தில் கேட்ட அந்த மெல்லிய உரசல் என் விரலிலேயே இருந்தது.

ஹவாயின் எஃகுத் துண்டு இந்தியாவுக்கும் வந்தது. கெகுகுவின் லாயே ஊரிலேயே வளர்ந்த டௌ மோ, 1920களின் இறுதியில் ஒரு குழுவோடு ஆசியப் பயணம் கிளம்பியவர், உலகப் போர்க் காலத்தில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கினார். கற்றுக்கொடுத்தார், வாசித்தார். அங்கிருந்து ஹவாய் கிதார் வங்காளிகளின் வீட்டு வாத்தியமானது. பம்பாயில் அது சினிமாவுக்குள் போனது. வான் ஷிப்லியும் ஹசாரா சிங்கும் அதைக் கொண்டு பாட்டுகளுக்கு நடுவே பாடும் இன்னொரு குரலை உண்டாக்கினார்கள். வான் ஷிப்லி மின்கிதாரில் வாசித்த சினிமாப் பாட்டுகள் தனி இசைத்தட்டுகளாகவே விற்றன. ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ செம்பூரில் இருந்தது, அவர் வீடு தேவ்நாரில் இருந்தது. 1950களின் பம்பாய்ப் பாட்டில் வழுக்கிப் போகும் அந்தக் கம்பி ஒலி இந்தப் பகுதியின் காற்றுக்குப் புதிதல்ல.

சினிமாவிலிருந்து அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் பிரிஜ் பூஷண் காப்ரா. 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இன்றும் விற்கிறது. அடுத்து விஸ்வமோகன் பட், கிதாரின் உடம்பில் தம்புரா ஒலிக்கான தந்திகளையும் உடன் அதிரும் தந்திகளையும் சேர்த்து இருபது தந்தி மோகன வீணையாக்கினார். ரயில் பாதையோரத்து போல்ட்டில் தொடங்கிய கருவி ஆலாபனை பாடக் கற்றுக்கொண்டது.

மிசிசிப்பி வழியும் இந்திய வழியும் சந்தித்த இடம் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் அங்கே 'வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்' என்ற சிறிய நிறுவனத்தை நடத்தினார். ஒலிப்பதிவில் அவருக்குக் கறாரான கொள்கை உண்டு. அருகருகே வைத்த இரண்டு மைக்குகள், வால்வுக் கருவிகள், ஒலிநாடா. கலைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பிற்பாடு ஒலியைத் திருத்திப் பளபளப்பாக்குவது கிடையாது. 1992 செப்டம்பரில் ஒரு சிற்றாலயத்தில் பட்டையும் ரை கூடரையும் உட்கார வைத்தார். இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது பதிவுக்குச் சற்று முன்புதான். தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி. கூடரின் 14 வயது மகன் ஜோவாகிம் தும்பெக் என்ற கைமேளம் வாசித்தான். 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்ற அந்த ஆல்பம் 1994இல் கிராமி பெற்றது. ரை கூடர் யாரென்றால், வில்லி ஜான்சனின் அந்த 1927 பதிவை ஆதாரமாக வைத்து 'பாரிஸ், டெக்ஸாஸ்' படத்துக்கு இசை கொடுத்தவர். 1960களில் தாஜ் மஹாலோடு ஒரே குழுவில் இருந்தவர். தாஜின் 1968 முதல் ஆல்பத்தில் வாசித்தவர்.

பிறகு ஓர் அழைப்பு தாஜுக்கும் போனது. 'மும்தாஜ் மஹால்' வந்தது. அதில் ராபர்ட் ஜான்சன் 1936இல் சான் அன்டோனியோவில் பதிவு செய்த 'கம் ஆன் இன் மை கிச்சன்' பாட்டு இருக்கிறது. மூலத்தில் ஜான்சன் ஒற்றை ஆளாக வரியைப் பாடிவிட்டு, வரியின் மிச்சத்தைக் கட்டையால் சொல்வார். இங்கே தாஜ் கரகரத்த குரலில் வரியை வைக்கிறார். மிச்சத்தைச் சொல்லும் பொறுப்பு இரண்டு வீணைகளிடம் வந்திருக்கிறது. ஹெட்போனில் ஒருமுறை வார்த்தையை விட்டுவிட்டு வரியின் முடிவுகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். குரல் காந்தாரத்தில் இழுத்து நிறுத்தும் இடத்தை வீணை பிடித்துக்கொண்டு ஷட்ஜத்துக்கு இறங்குகிறது. கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தை வயலின் வாங்கிக்கொள்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேளம் இருந்திருந்தால் அந்த முடிவுகளை ஒரு தட்டு மூடியிருக்கும். தாளம் தாஜின் விரல்களில், அவர் மூச்சில் நடக்கிறது; அதனால் வழுக்கல் முழுசாகக் காதில் விழுகிறது. எளிமை இந்த ஆல்பத்துக்கு அலங்காரமாக வந்ததல்ல. கட்டை பேச வேண்டுமானால் மற்றவை விலகி நிற்க வேண்டும் என்ற தெளிவிலிருந்து வந்தது.

தாஜும் கூடரும் முதுமையில் மறுபடி சேர்ந்தார்கள். 'கெட் ஆன் போர்ட்' 2022இல் வெளிவந்தது. சோனி டெர்ரி, பிரௌனி மெகீ என்ற பழைய ப்ளூஸ் ஜோடிக்கு வணக்கமாக, கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பதிவு செய்தது. ஒருவருக்கு எண்பதை ஒட்டிய வயது, இன்னொருவர் எழுபத்தைந்தைத் தொட்டவர். சாண்டா பார்பராவில் தும்பெக் வாசித்த சிறுவன் ஜோவாகிம் இதில் டிரம் வாசிக்கிறார். 2023இல் அதற்கும் கிராமி கிடைத்தது. குரல்கள் தேய்ந்திருக்கின்றன. தேய்ந்த குரலை அவர்கள் மறைக்கவில்லை, அதை வைத்தே பாடுகிறார்கள். கையில் இருப்பதைக் கொண்டு வாசிப்பது என்ற கட்டையின் பழைய தர்மம் குரலுக்கும் பொருந்துகிறது.

கருங்காலி, மூங்கில், கண்ணாடிக் குண்டு, போல்ட், கத்தி, பாட்டில் கழுத்து, டெஃப்ளான். எட்டு நூற்றாண்டு வரலாற்றில் இந்தப் பொருளுக்கு நிலையான உருவமே கிடையாது. காசில்லாதவர்களும் கடத்தப்பட்டவர்களும் அடிமைகளின் வழிவந்தவர்களும் அரண்மனை வித்வான்களும் அதைத் தங்கள் கைக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். இத்தனை பேர் தேடியது ஒன்றைத்தான்: சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் உள்ள நிலம். அங்கேதான் மனிதக் குரலின் தழுதழுப்பு இருக்கிறது.

இவ்வளவு தூரம் சுற்றிய கட்டைக்கு நம் ஊர் சபாக்களில் போதிய இடம் இல்லை என்பது எனக்கு வருத்தம். கோட்டுவாத்தியம் வாசிப்பவர்கள் சிலரே. மாணவர்கள் அதைவிடக் குறைவு. கற்க நாளாகும், கேட்கக் கூட்டம் வராது என்ற எண்ணம் ஊறிவிட்டது. மும்பைத் தமிழர்களுக்கு மாட்டுங்காவில் சண்முகானந்தா இருக்கிறது, செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு மாலையாவது கட்டைக்கு என்று ஒதுக்க வேண்டும். ஒரு கோட்டுவாத்தியம், ஒரு மோகன வீணை, ஒரு ஹவாய் கிதார், பாட்டில் கழுத்து மாட்டிய ஒரு ப்ளூஸ் கிதார். மூன்று மணி நேரம், மேளம் இல்லாமல், மைக் இரண்டே இரண்டு. கிதார் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களில் நான்கு பேர் மறுநாள் ஒரு பாட்டில் கேட்டு கோவண்டிக்குப் போனால், நல்ல கழுத்தைப் பொறுக்கித் தர அங்கே ஆள் இருக்கிறார்.